வரைந்தும் எழுதியும் சொல்லியும்

ஜனவரி 19, திங்கள்

வெள்ளிக்கிழமை பின்னேரம், எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பும் நேரம் பார்த்து, சிங்கள மூலப்பிரதியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்கள். தரம் ஆறு விஞ்ஞானம், புதிய கலைத்திட்டம். தமிழ்ப் பிரதி புதன்கிழமை வேண்டுமாம். சிங்களத்தில் எழுத ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தார்கள். கொழும்பில் கூடினார்கள், கண்டியில் விடுதி எடுத்துக் கூடினார்கள், வெளிநாட்டு ஆலோசகர் ஒருவர் வந்து போனார். தமிழுக்கு ஐந்து நாள். அதில் இரண்டு, சனியும் ஞாயிறும்.

இந்தக் கல்வி நிறுவகத்தில் தமிழ் மொழிபெயர்ப்புப் பிரிவு என்பது நானும் ஒரு கணினியும்தான். சிற்றுண்டிச்சாலையின் களஞ்சியத்துக்குப் பக்கத்து அறை. பத்து மணிக்கு மேல் வடை பொரிக்கும் புகையில்தான் தமிழ்மொழி மூலக் கல்வி வளருகிறது.

இந்தத் தடவை விஷயம் வேறு, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முன்பெல்லாம் 'மாணவர் நீரின் முக்கியத்துவத்தை உணர்வர்' என்று எழுதி விட்டுவிடுவார்கள். உணர்ந்தாரா இல்லையா என்று ஆசிரியர் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? இப்போது ஒவ்வொரு பாடத்துக்கும் பிள்ளை என்ன செய்து காட்ட வேண்டும் என்று ஒரு அட்டவணை இருக்கிறது. நான்கு நிலைகள்: ஆரம்பம், வளர்ச்சி, தேர்ச்சி, உயர்தேர்ச்சி. நாடு முழுவதும் ஒரே அளவுகோல். அம்பாந்தோட்டையில் தேர்ச்சி பெற்ற பிள்ளையும் முல்லைத்தீவில் தேர்ச்சி பெற்ற பிள்ளையும் ஒரே அளவு தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். புதன்கிழமை வேண்டும் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டில் தண்ணீர் மோட்டார் திரும்பவும் நின்றுவிட்டது. வீட்டுக்காரம்மா, "நீங்கள் கனக்கத் தோய்க்கிறியள் பிள்ளை" என்கிறா. நான் ஒருத்தி.

ஜனவரி 20

மூலத்தில் மூன்று சொற்கள். மூன்றுக்கும் அகராதி 'திருப்திகரமான' என்றே சொல்கிறது. ஆனால் ஒன்று வளர்ச்சி நிலையில் இருக்கிறது, ஒன்று தேர்ச்சியில், ஒன்று உயர்தேர்ச்சியில். மேல்மாடிக்குப் போய்ச் சமன்மலியிடம் கேட்டேன். விஞ்ஞானக் கலைத்திட்டத்தைச் சிங்களத்தில் எழுதிய குழுவின் இணைப்பாளர் அவள். நாங்கள் இருவரும் சிங்களத்தில்தான் கதைப்போம்.

"வித்தியாசம் எனக்கும் தெரியாது" என்றாள். "ஆலோசகர் ஆங்கிலத்தில் மூன்று சொல் வைத்திருந்தார். நாங்களும் மூன்று சொல் வைத்தோம்."

"ஆசிரியர் எப்படித் தெரிந்துகொள்வார்?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு இருவரும் உட்கார்ந்து மூன்று இடத்திலும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, பிள்ளை என்ன செய்யும் என்று நேராக எழுதினோம். சிங்களப் பிரதியும் அதனால் திருந்தியது. யாரும் நன்றி சொல்லப் போவதில்லை.

ஜனவரி 30

தமிழ் மீளாய்வுக் குழு. தலைவர் பேராசிரியர் அருளம்பலம். ஓய்வு பெற்று வருடக்கணக்காகியும் எங்கள் ஊர்க்காரர்கள் அவரைப் பேராசிரியர் என்றுதான் சொல்வார்கள், பெயர் சொல்ல மாட்டார்கள். எனக்கு இந்த ஒப்பந்த வேலையை எடுத்துத் தந்தவரும் அவர்தான். ஏப்ரல் கடைசியில் நடக்கவிருக்கும் என் நிரந்தர நியமன நேர்முகத்திலும் அவர் இருப்பார். அதற்காகச் சொல்லவில்லை, அவருடைய தமிழ் இந்தக் கட்டடத்தில் வேறு ஒருவருக்கும் இல்லை.

விஞ்ஞானத்தில் அடிக்கடி வரும் ஒரு வரியில் நின்றுவிட்டார். பிள்ளை தான் அவதானித்ததை மூன்று வழிகளில் ஏதாவது ஒன்றால் விளக்கினால் போதும், அது தேர்ச்சி நிலை. இதுதான் மூலம். நான் 'வரைதல் அல்லது எழுதுதல் அல்லது வாய்மொழி மூலம்' என்று போட்டிருந்தேன்.

"என்ன பிள்ளை இது, அல்லது அல்லது எண்டு. வாய்க்குள்ள கல்லுக் கடிக்குது."

"'வரைந்தோ எழுதியோ சொல்லியோ' எண்டு போடட்டுமோ சேர்?"

"அது தமிழ்" என்றார். கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்கட்டும். நான் வீட்டை கொண்டுபோய் ஒருக்காப் பாத்திட்டு அச்சுக்குக் குடுக்கிறன்."

அவர் 'அது தமிழ்' என்று சொன்னதை அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அம்மா, சாப்பிட்டாயா என்று கேட்டா.

பெப்ரவரி 9

புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. கடைசிப் படியை எனக்குக் காட்டவில்லை. காட்டுவார்கள் என்று எதிர்பார்த்தது என் பிழை.

பெப்ரவரி 24, செவ்வாய்

முன்னோடியாகத் தெரிவு செய்த பாடசாலைகளில் இந்தத் தவணையே தொடங்கிவிட்டார்கள். சந்தேகம் இருந்தால் கேட்கச் சொல்லி என் கைத்தொலைபேசி இலக்கத்தைப் புத்தகத்தின் பின்னட்டையில் போட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்கவில்லை. மன்னாரிலிருந்து ஒரு சேர் காலை ஆறு மணிக்கு எடுத்து, பக்கம் எண் ஏன் இரண்டு தடவை வருகிறது என்று கேட்டார்.

பின்னேரம் எடுத்தது ஹற்றன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியை. பெயர் புஷ்பலதா.

"ஒரு சந்தேகங்க மிஸ். ஒரு புள்ள நல்லா வரையுது, கேட்டா நல்லா சொல்லுது. எழுத மட்டும் வரல்ல. தேர்ச்சி குடுக்கலாங்களா?"

"தாராளமாக் குடுக்கலாம் டீச்சர். மூண்டில ஒண்டு செய்தாலே காணும்."

"புத்தகத்துல அப்பிடி இல்லீங்களே."

"இருக்கு டீச்சர், பாருங்கோ."

"பாத்துட்டுத்தாங்க பேசுறேன்."

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 'வரைந்தும் எழுதியும் சொல்லியும் விளக்குவார்.' அடுத்த பாடத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். எங்கெல்லாம் 'ஓ' போட்டிருந்தேனோ அங்கெல்லாம் 'உம்'. சிங்களத்தில் மூன்றில் ஒன்று. தமிழில் மூன்றும்.

திரும்ப எடுக்கிறேன் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு வைத்தேன்.

பெப்ரவரி 26

அச்சுப் பிரிவில் கேட்டேன். பேராசிரியர் கொடுத்த பிரதியில் இருப்பதைத்தான் அடித்தோம் என்றார்கள். எடுத்தும் காட்டினார்கள். திருத்தம் அவருடைய கையெழுத்தில்தான் இருக்கிறது. வயதானவர், ஏதோ அவசரத்தில் கவனிக்காமல் செய்திருப்பார். நாளைக்கு எடுத்துச் சொன்னால் சரி.

மார்ச் 4

பேராசிரியருக்கு இன்னும் எடுக்கவில்லை. அவருக்குத் தடிமன், காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். மோட்டார் திருத்துகிற ஆளும் வரவில்லை. வாளியில் தண்ணீர் தூக்கித் தூக்கிக் கை நோகிறது.

மார்ச் 12, வியாழன்

பம்பலப்பிட்டியில் பேராசிரியருடைய தொடர்மாடிக்குப் போனேன். தடிமன் ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறார்.

"சேர், புத்தகத்தில ஒரு பிழை வந்திட்டுது" என்று தொடங்கினேன். பக்கத்தைக் காட்டினேன்.

"பிழை இல்லை" என்றார். "நான்தான் மாத்தினனான்."

"மூலத்தில ஏதாவது ஒண்டு எண்டு இருக்கு, சேர்."

"மூலத்தில என்ன இருந்தாலென்ன? ஒரு பிள்ளை படம் கீறினால் காணுமோ? வாயால ரெண்டு வசனம் சொன்னால் காணுமோ? அதுக்குப் பேர் தேர்ச்சியோ? எங்கட பிள்ளையள் மூண்டும் செய்யவேணும். எங்களுக்கு ஏன் இலேசாக்க வேணும் எண்டு கேக்கிறன்."

"அளவுகோல் எல்லாருக்கும் ஒண்டாய் இருக்கவேணும் எண்டுதானே சேர் இவ்வளவும் செய்தது."

"எழுபதுகளில பல்கலைக்கழகம் போக எங்களுக்கு அவையளைவிடக் கூடப் புள்ளி வேணுமெண்டு வைச்சவங்கள். தெரியுந்தானே? நான் அழேல்லை. இருந்து படிச்சு அந்தக் கூடப் புள்ளியையும் எடுத்தனான். அப்பிடித்தான் நாங்கள் நிண்டது."

பிறகு தேநீர் வந்தது. இஞ்சி போட்டது. ஊரில் மழையா என்று கேட்டார்.

அவருடைய தம்பியும் அதே காலத்தில்தான் சோதனை எழுதினார். ஊரில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கொஞ்சத்தில் தவறியது. சிங்களமொழி மூலத்தில் எழுதியிருந்தால் அந்தப் புள்ளிக்கே பொறியியல் கிடைத்திருக்கும் என்று அப்பா சொல்வார். சில வருடம் ஊரில் சும்மா சுற்றித் திரிந்துவிட்டு ஒரு நாள் வீட்டை விட்டுப் போனவர். திரும்பி வரவில்லை. நான் பிறப்பதற்கு முந்திய கதை.

நான் அதையெல்லாம் அவரிடம் கேட்கவில்லை. அது மரியாதை இல்லை. தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 13

புஷ்பலதா டீச்சர் இரண்டு தடவை எடுத்திருக்கிறா. கூட்டத்தில் இருந்தேன்.

கூட்டம் ஒன்றும் இருக்கவில்லை.

மார்ச் 27, வெள்ளி

முன்னோடிப் பாடசாலைகளின் முதற்கட்டப் பெறுபேறு. மாநாட்டு அறையில் குளிர்சாதனத்தை யாராலும் குறைக்க முடியவில்லை. எல்லோரும் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு இருந்தோம். திரையில் வரைபு. நீல நிறம் சிங்களமொழி மூலம், செம்மஞ்சள் தமிழ்மொழி மூலம். விஞ்ஞானத்தில் தேர்ச்சி நிலையில் நீலம் எழும்பி நிற்கிறது, செம்மஞ்சள் அதன் இடுப்பளவுக்கும் இல்லை.

பணிப்பாளர் விக்கிரமரத்ன கெட்ட மனிதர் இல்லை. உண்மையாகவே கவலைப்பட்டார். "தமிழ்ப் பாடசாலைகள் இன்னும் ஆயத்தமாகவில்லை போலிருக்கிறது. அவர்களை அவசரப்படுத்தக்கூடாது" என்றார். பரிசோதனைச் சாமான்கள் அடங்கிய ஆய்வுகூடப் பெட்டிகள் வரவிருக்கின்றன. முதலில் தேர்ச்சி கூடிய பாடசாலைகளுக்குக் கொடுப்போம், மற்றவர்களுக்கு இரண்டாம் வருடம் பார்ப்போம் என்று முடிவு. பட்டியல் ஏப்ரல் 27ஆம் தேதி கூட்டத்தில் உறுதியாகும்.

பேராசிரியர் எனக்கு எதிர்ப்பக்கம் இருந்தார். "ஆசிரியர் பயிற்சி காணாது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். கூட்டக் குறிப்பு எடுக்க வேண்டியிருந்தது.

மார்ச் 31, செவ்வாய்

கண்காணிப்பு விஜயம். வரிசையில் ஹற்றன் எனக்கு விழுந்தது. புகையிரதம் பிந்தியது, பிறகு பஸ், பிறகு ஓட்டோ. ஓட்டோக்காரர் பாதி ஏற்றத்தில் நிறுத்தி, இதற்கு மேல் நடங்கள் என்றார். சப்பாத்துக்குள் அட்டை ஏறிக் கடித்திருந்தது.

புஷ்பலதா டீச்சர் வாசலில் நின்றா. நான் நினைத்ததைவிட இளையவர். தொலைபேசியை எடுக்காததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதிபர் முதலில் ஒரு அறைக்குக் கூட்டிப்போனார். உடைந்த கதிரைகளை எல்லாம் அகற்றி, தோட்டத்து ஆட்களைக் கொண்டு சுண்ணாம்பு அடித்து, இரண்டு பக்கமும் பலகைத் தட்டு அடித்திருந்தார்கள்.

"ஆய்வுகூடப் பெட்டி வருதுன்னு சொன்னாங்க மிஸ். வந்தா வைக்க எடம் வேணுமில்லீங்களா. இப்ப வலயக் கல்வி ஆபீசுல கேட்டா, ஒங்களுக்கு இந்த வருசம் இல்லங்கிறாங்க. புள்ளைங்ககிட்ட என்னா சொல்றதுன்னு தெரியல்ல."

வகுப்பில் ஒரு பிள்ளையை டீச்சர் எழுப்பினா. டிலோஜினி. மெலிந்த பிள்ளை, கம்பளிச் சட்டையின் கை நீளம். வீட்டுக் கூரையில் காலையில் தண்ணீர் சொட்டுவதை அவதானித்து வந்திருக்கிறாள்.

"வெளிய குளிருங்க. உள்ள அடுப்பு எரியுது, தண்ணி கொதிக்குது. அந்த ஆவி மேல போயி தகரத்துல முட்டுது. தகரம் குளிரா இருக்கிறதால திரும்பத் தண்ணியாயிருது. அதான் சொட்டுது. அம்மா கூர ஓட்டைங்கிறாங்க. ஓட்ட இல்ல மிஸ். மழை இல்லாத அன்னைக்கும் சொட்டுது, அடுப்பு எரியாத அன்னைக்குச் சொட்டல்ல. நான் ரெண்டையும் பாத்தேன்."

படமும் கீறியிருந்தாள். அம்புக்குறி எல்லாம் சரி. எழுத்தில் இரண்டு வரி, அதில் பாதி வாசிக்க முடியவில்லை. பெறுபேற்று அட்டையில் 'வளர்ச்சி நிலை'. அதாவது, விளக்கத் தெரியாது.

"நான் என்னாங்க மிஸ் செய்றது" என்றா டீச்சர். "புத்தகத்துல இருக்கிறபடிதாங்க போட்டேன். மனசு வரல்ல. ஆனா நாளைக்கு யாரும் வந்து கேட்டா நான்தானே பதில் சொல்லணும். எழுத வைக்கிறேன், கொஞ்சம் கொஞ்சமா வருது. அதுக்காக இது தெரியாத புள்ளையா?"

"இல்லை" என்றேன். திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா வாந்தி எடுத்தா. எல்லாம் சேர்ந்து வந்தது.

ஏப்ரல் 8

சமன்மலியிடம் சொன்னேன். இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியும். ஒவ்வொரு 'உம்'மிலும் விரல் வைத்துக் கேட்டாள்.

"அப்படியென்றால் எங்கள் பிள்ளைகள் ஒன்று செய்தால் தேர்ச்சி, உங்கள் பிள்ளைகள் மூன்றும் செய்ய வேண்டுமா? அந்த வரைபு?"

"ஓம்."

"உனக்கு எப்போது தெரியும்?"

பெப்ரவரியில் என்றேன். அவள் புத்தகத்தை மூடினாள். எனக்குக் கோபம் வந்தது. இவளுக்கு நிரந்தர வேலை.

இருவரும் பணிப்பாளரிடம் போனோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திருத்தச் சுற்றறிக்கை வெளியிடலாம், ஆனால் தமிழ்ப் பிரதி என்பதால் தமிழ்க் குழுத் தலைவரின் ஒப்பம் இல்லாமல் முடியாது என்றார். ஒப்பம் கிடைக்காவிட்டால் யார் மாற்றினார்கள் என்று விசாரணை வைக்க வேண்டி வரும், அது இந்த வருடத்துக்குள் முடியாது. "27ஆம் தேதிக்கு முதல் கொண்டு வாருங்கள்" என்றார்.

ஏப்ரல் 20

புதுவருட விடுமுறை முடிந்தது. பேராசிரியர் யாழ்ப்பாணம் போயிருந்தார், அதனால் சந்திக்க முடியவில்லை. நானும் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தேன், ஆனால் வீட்டில் வேலை.

நேர்முகம் 30ஆம் தேதி என்று கடிதம் வந்திருக்கிறது. அக்கா தொலைபேசியில், "மூண்டு நாள் பொறுத்து, அது முடியப் போய்க் கேட்டா என்ன?" என்கிறா. பட்டியல் 27இல் முடிந்துவிடும் என்று எத்தனை தடவை சொல்வது. "அப்ப அடுத்த வருசம் பெட்டி வரும்தானே" என்கிறா. அக்காவின் பிள்ளைகள் மூன்று பேரும் சர்வதேசப் பாடசாலை.

எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. நேரம்தான் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

போனேன்.

திருத்தத்தைத் தட்டச்சு செய்து கொண்டுபோயிருந்தேன். அவர் வாசித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"நான் ஒப்பம் வைக்கேலாது பிள்ளை. அளவைக் குறைக்கச் சொல்லி நான் கையெழுத்துப் போட்டதாய் இருக்கக்கூடாது."

நான் ஹற்றனைப் பற்றிச் சொன்னேன். சுண்ணாம்பு அடித்த அறை, பலகைத் தட்டு. டிலோஜினி சொன்னதை முடிந்தவரை அவள் சொன்னபடியே சொன்னேன். அவர் முன்பு விஞ்ஞானம் படிப்பித்தவர். அடுப்பு எரியாத நாளையும் பார்த்தாள் என்றதும் நிமிர்ந்தார். ஆனால், "கெட்டிக்காரிதான். எழுதப் பழக்கட்டும்" என்றார்.

"பழக்கிறா சேர். அதுவரைக்கும் அவளுக்குத் தெரியாது எண்டு நாங்கள் எழுதி வைச்சிருக்கிறம். சிங்களத்தில இதே பிள்ளை தேர்ச்சி."

"கூடக் கேட்டால்தான் கூட வரும். நான் வந்தனான்."

இதற்குப் பிறகு நான் கதைத்ததை அப்படியே எழுதுகிறேன். சத்தம் போடவில்லை. கொஞ்சம் சத்தமாகத்தான் கதைத்தேன் போலிருக்கிறது.

"நீங்கள் வந்தீங்கள் சேர். உங்கட தம்பி வரேல்லை. அண்டைக்குக் கூடக் கேட்டவை வேற ஆக்கள். இண்டைக்கு இந்தப் பிள்ளையளிட்டக் கூடக் கேக்கிறது நாங்கள்."

அவர் வீட்டில், அவர் தந்த கதிரையில் இருந்துகொண்டு சொல்கிறேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே காலி வீதியில் பஸ்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டே நின்றான். என்னிடம் இல்லை, யாரிடமோ சொல்வது போல் சொன்னார்: "அவனுக்கு எழுத்து வராது. மோட்டரைக் கழட்டி வைச்சு, இது இதுக்காக எண்டு சின்னப் பிள்ளைக்கும் விளங்கச் சொல்லுவான். கணக்கையும் அப்பிடித்தான். சோதனைத் தாளில ஒண்டும் வராது."

பிறகு, "நீர் போம் பிள்ளை" என்றார்.

தாளை மேசையில் விட்டுவிட்டு வந்தேன். கையெழுத்து வாங்கப் போனவள் அதைக் கேட்காமலே வந்திருக்கிறேன். ஓட்டோவில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

ஏப்ரல் 26

ஒன்றும் இல்லை. ஞாயிறு. உடுப்புத் தோய்த்தேன். தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தோய்த்தேன்.

ஏப்ரல் 27, திங்கள்

கூட்டம் பத்து மணிக்கு. பேராசிரியர் வரவில்லை. பணிப்பாளர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று. சமன்மலி எழும்பி, விசாரணையே வைத்தாலும் பரவாயில்லை, இதைச் சொல்லத்தான் வேண்டும் என்று தொடங்கினாள். அந்த நேரம் கதவு திறந்தது. பேராசிரியர்.

இத்தனை வருடம் பொதுக் கூட்டங்களில் ஆங்கிலம் மட்டும்தான் பேசியவர். சிங்களம் தெரியாது என்று நினைத்திருந்தேன். தெளிவான சிங்களத்தில், நின்றுகொண்டே சொன்னார்:

"தமிழ்ப் பிரதியில் உள்ள மாற்றம் மொழிபெயர்ப்பாளருடைய பிழை அல்ல. அவர் சரியாகத்தான் எழுதினார். நான் மாற்றினேன். எங்கள் பிள்ளைகளிடம் கூடக் கேட்க வேண்டும் என்று நினைத்து மாற்றினேன். அதற்கு எனக்கு உரிமை இருக்கவில்லை. திருத்தத்தில் ஒப்பம் வைத்திருக்கிறேன். குழுவில் இருந்தும் விலகுகிறேன்."

தாளைப் பணிப்பாளர் முன்னால் வைத்தார். ஒருவரும் இருங்கள் என்று சொல்வதற்கு முன் போய்விட்டார். நான் பின்னால் ஓடியிருக்கலாம். கூட்டக் குறிப்பு என் கையில் இருந்தது.

முடிவு: பட்டியலை ஒரு மாதம் நிறுத்தி வைப்பது. தமிழ்ப் பாடசாலைகள் விஞ்ஞானத்தை மறுபடி மதிப்பிட்டு அனுப்புவது. தமிழ் ஆசிரியர்களுக்கான அந்தச் சுற்றறிக்கையைச் சிங்களத்தில் எழுதி என்னிடம் தந்திருக்கிறார்கள். புதன்கிழமை வேண்டுமாம்.

ஏப்ரல் 29

நேர்முகம் ஒத்திவைக்கப்பட்டது. பேராசிரியர் இல்லாததால் நேர்முகக் குழுவுக்கு வேறொருவரைத் தேட வேண்டுமாம். மறு அறிவித்தல் வரை.

பரவாயில்லை. ஒப்பந்தம் டிசம்பர் வரைக்கும் இருக்கிறது.

வீட்டுக்காரம்மா தண்ணீரைப் பற்றி ஏதோ சொன்னா. நான் கத்திவிட்டேன். பிறகு போய் மன்னிப்புக் கேட்டேன். அவ இடியப்பம் தந்தா, சாப்பிட முடியவில்லை.

மே 9

வெள்ளவத்தைச் சந்தையில் பேராசிரியரைக் கண்டேன். முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒளிந்துகொள்ள இடம் இருக்கவில்லை.

"சுற்றறிக்கை பாத்தனான்" என்றார். "மூண்டாம் பந்தியில ஒரு ஒற்று விட்டிட்டீர்."

"அவசரத்தில சேர்."

"அவசரமெண்டால் ஒற்று வேண்டாமோ?"

பிறகு நேர்முகம் என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒத்திவைத்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. அதை அவர் யோசித்திருக்கவில்லை. கையிலிருந்த முருங்கைக்காயில் பாதியை என் பைக்குள் வைத்தார். நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

மே 18

மறுமதிப்பீடு வந்து சேர்ந்துவிட்டது. இரண்டு கிழமையாக ஆசிரியர்களிடம் ஏச்சு. "உங்கட பிழைக்கு நாங்கள் ஏன் ரெண்டு தரம் செய்யவேணும்?" என்று மன்னார் சேர். நியாயம்தான். பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

புதிய வரைபில் செம்மஞ்சள் எழும்பியிருக்கிறது. நீலத்துக்குச் சமம் இல்லை. பரிசோதனை செய்து காட்ட வேண்டிய பாடங்களில் எங்கள் பிள்ளைகள் உண்மையாகவே குறைவு. பரிசோதனைக் குழாயைக் கண்ணால் காணாத பிள்ளை எதைச் செய்து காட்டும்? பணிப்பாளர் அதைத் தானாகவே சொன்னார். "அப்படியானால் பெட்டி முதலில் போக வேண்டியது இவர்களுக்குத்தானே" என்றார். மார்ச்சில் இதே மனிதர் இதே வாயால் மற்றப் பக்கம் சொன்னார். நான் குறிப்பில் இரண்டையும் எழுதியிருக்கிறேன்.

ஹற்றன் பட்டியலில் இருக்கிறது.

மே 29, வெள்ளி

புஷ்பலதா டீச்சர் எடுத்தா. பின்னால் ஒரே சத்தம்.

"மிஸ், பெட்டி வந்திருச்சுங்க. வேன் மேல ஏற மாட்டேன்னுட்டான். பெரிய வகுப்புப் புள்ளைங்க எல்லாம் எறங்கிப் போயி தூக்கிட்டு வந்தாங்க. ஒண்ணுமே உடையல்ல. அதிபர் அறையப் பூட்டிச் சாவியைப் பையில போட்டுக்கிட்டாரு, யாரையும் தொட விடல்ல."

"டிலோஜினி?"

"ஜன்னல்ல தொங்கிக்கிட்டு நிக்குதுங்க. தேர்ச்சி அட்டைய அவங்க அம்மாகிட்டக் காட்டுச்சாம். இப்ப கூர ஓட்டையில்லைன்னு அவங்களும் ஒத்துக்கிட்டாங்களாம்."

நான் சிரித்தேன். பிறகு டீச்சரின் குரல் தாழ்ந்தது.

"ஒண்ணு கேக்கணுங்க. பெட்டிக்குள்ள எப்பிடிப் பாவிக்கிறதுன்னு ஒரு புத்தகம் இருக்கு. சிங்களத்துல மட்டுந்தான் இருக்கு. தமிழ்ல வருங்களா?"

பொருட்கள் பிரிவுக்கு எடுத்தேன். தமிழ்ப் பிரதி திட்டத்தில் இருக்கிறது என்றார்கள். எப்போது என்றேன். திட்டத்தில் இருக்கிறது என்றார்கள். தொலைபேசியை வைத்துவிட்டு மேசையில் கையால் அடித்தேன். பக்கத்து அறையில் வடை பொரிக்கும் அம்மா எட்டிப் பார்த்தா.

டீச்சருக்குத் திரும்ப எடுத்தேன். "ஒவ்வொரு பக்கமாப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கோ."

மே 31, ஞாயிறு

காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். டீச்சர் எடுத்த படங்களில் பாதி சரிந்திருக்கிறது, ஒன்றில் அவவின் பெருவிரல். இதை எனக்கு யாரும் தரவில்லை, யாரும் கேட்கவில்லை, மீளாய்வுக்குக் குழுவும் இல்லை. சந்தேகமான நாலு சொற்களைப் பேராசிரியருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் மூன்றுக்குப் பதில் வந்தது. நாலாவதற்கு, யோசிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

மதுசார விளக்கை ஏற்றுவதும் அணைப்பதும் முடிந்தது. ஊதி அணைக்கக்கூடாது, மூடியால் மூட வேண்டும்; அதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். அடுத்த பக்கம், சூடான குழாயை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிப்பது என்று. நாளைக்குக் காலை முதலாம் பாடவேளையில் அதிபர் அறையைத் திறக்கிறார்.